எமர்ஜென்ஸி எப்போது முடிந்தது?

'நம்ம நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வரணும் சார். அப்பத்தான் எல்லாம் ஒழுங்குக்கு வரும்!'

இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் டீக்கடையில் கேட்கலாம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், அரை மணி நேரமாக வராத டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கேட்கலாம். சொல்கிறவர் கெட்டவர் இல்லை. வீட்டு வரியை ஒழுங்காகக் கட்டுபவர். பட்டா மாற்றுவதற்காக ஆறு மாதம் தாலுகா ஆபீஸுக்கு அலைந்து நொந்துபோனவர். அவருடைய ஆத்திரம் நிஜம்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அந்த ஹிட்லர் வந்து நிற்கும்போது, தான் எங்கே நிற்பதாக இவர் கற்பனை செய்துகொள்கிறார்? பெரும்பாலும் ஹிட்லருக்குப் பக்கத்தில். எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற வரிசையில் தன்னைப் பார்த்த யாரும் இந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டார்கள்.

ஏதோ நாம் பார்க்காத பண்டத்துக்கு ஆசைப்படுவது மாதிரி இதைப் பேசுகிறோம். ஒரு முறை ருசி பார்த்தாயிற்று. 1975 ஜூன் 25 நள்ளிரவுக்குச் சற்று முன்னால் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டதிலிருந்து, 1977 மார்ச் 21 வரை. மொத்தம் 21 மாதங்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விசாரணையில்லாமல் உள்ளே போனார்கள். பத்திரிகைகள் சென்ஸாரிடம் காட்டிவிட்டு அச்சுக்குப் போயின. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்கள். வட மாநிலங்களில் பல பேரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் செய்தார்கள்.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. அதன் பிறகு இங்கேயும் மிசா. சென்னை மத்திய சிறையில் தாக்கப்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு, 1977 ஜனவரியில் இறந்துபோனார். அந்தச் சிறையில் நடந்ததை விசாரிக்க, பின்னால் நீதிபதி இஸ்மாயில் கமிஷனே போட வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். முதலில் வருவது இது எதுவுமில்லை. 'பத்து மணிக்கு ஆபீஸர் சீட்டுல இருப்பான் தம்பி... ரயிலு கரெக்ட் டைமுக்கு வரும்.' அதுதான் வரும். இது வெறும் திண்ணைப் பேச்சும் இல்லை. 1977 தேர்தலில் உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் இந்திராவின் காங்கிரஸுக்கு ஒரு சீட்கூடக் கிடைக்கவில்லை. ரேபரேலியில் அவரே தோற்றுப்போனார். அதே தேர்தலில் தமிழ்நாடு, அ.தி.மு.க.-காங்கிரஸ் அணிக்கு 39-இல் 34 தொகுதிகளைத் தூக்கிக் கொடுத்தது. எம்.ஜி.ஆர். செல்வாக்கு ஒரு காரணம். வடக்கே நடந்த கொடுமை அந்த அளவுக்கு இங்கே நடக்காதது இன்னொரு காரணம். இருந்தாலும், பயம் கொண்டுவந்த ஒழுங்கு நம்மில் நிறையப் பேருக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, ஆபீஸர் ஏன் பத்து மணிக்கு வந்தார்? மனுவோடு நிற்கிற கிழவியின் மேல் இரக்கம் வந்ததாலா? இல்லை. மேலே இருக்கிறவருக்குப் பயந்துதான் வந்தார். பயம் ஒரு இடத்தில் நிற்காது, கீழே இறங்கிக்கொண்டே போகும். மந்திரிக்கு டெல்லியிடம் பயம். கலெக்டருக்கு மந்திரியிடம், தாசில்தாருக்கு கலெக்டரிடம், கிளார்க்குக்குத் தாசில்தாரிடம், பியூனுக்குக் கிளார்க்கிடம். கடைசியில் ஒரு ஆள் இருப்பான். அவனுக்குக் கீழே பயப்பட யாருமே இல்லை. மேலே இருக்கிற அத்தனை பேருடைய பயத்தையும் அவன் ஒருத்தனே சுமக்க வேண்டும்.

அவன் எங்கே இருக்கிறான் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இருண்ட காலம் முடிந்த பிறகு ஒரு நாடு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி இருக்கிறது.

உலகம் மூன்று வழிகளை முயன்று பார்த்திருக்கிறது. முதல் வழி, தண்டிப்பது. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி போனதும், 1985-இல் தளபதிகளையே கோர்ட்டில் நிறுத்தினார்கள். இரண்டாவது, உண்மையைப் பேசவைப்பது. தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் ஒரு கமிஷன். செய்ததை முழுசாக ஒப்புக்கொள்கிறவர்கள் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். மூன்றாவது, மறப்பது. ஸ்பெயினில் ஃபிராங்கோ இறந்தபின் 1977-இல் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டு, 'பழசைக் கிளற வேண்டாம்' என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று வழியிலும் குறை உண்டு. ஆனால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நாம்? ஷா கமிஷன் போட்டோம். 1978-இல் அது முழு அறிக்கையும் கொடுத்தது. காரணமே இல்லாமல் எத்தனை கைது உத்தரவுகளில் அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் ஜனதா அரசுக்குள் சண்டை ஓயவே இல்லை. 1979 ஜூலையில் மொரார்ஜி ராஜினாமா. விலைவாசி ஏறியது. 1980 தேர்தலில் வெங்காய விலைதான் பெரிய பேச்சு. இந்திரா 353 இடங்களோடு திரும்பி வந்தார். ஷா கமிஷன் அறிக்கையைப் பற்றிக் கேட்பாரில்லை. தண்டிக்கவும் இல்லை, உண்மையைப் பேசவும் இல்லை, மனதார மன்னிக்கவும் இல்லை. ஃபைலை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

ஒன்றே ஒன்றை மட்டும் உருப்படியாகச் செய்தோம். அதைப் புரிந்துகொள்ள, 'ஆட்கொணர்வு மனு' என்றால் என்ன என்று தெரிய வேண்டும். உங்கள் வீட்டு ஆளைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கே என்று தெரியவில்லை. நீங்கள் ஹைகோர்ட்டுக்குப் போய், 'ஆளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்' என்று கேட்கலாம். அவ்வளவுதான். சாதாரண மனிதனிடம் அரசாங்கத்துக்கு எதிராக இருக்கும் ஆயுதங்களிலேயே பழையது, எளிமையானது.

எமர்ஜென்ஸியில் இந்த ஆயுதம் செல்லுமா என்று உச்ச நீதிமன்றத்தில் கேள்வி வந்தது. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அரசு வழக்கறிஞரிடம் ஒன்று கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் கூடவா, கோர்ட்டுக்குப் போக வழியில்லை? எமர்ஜென்ஸி இருக்கும் வரை இல்லை என்பதுதான் பதில். 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசு பக்கம் தீர்ப்பெழுதினார்கள். கன்னா மட்டும் மறுத்தார். அடுத்த தலைமை நீதிபதியாகியிருக்க வேண்டியவர் அவர். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி ஜூனியர் ஒருவரை நியமித்தார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்.

ஜனதா அரசு 1978-இல் கொண்டுவந்த 44-வது அரசியல் சட்டத் திருத்தம், இந்தக் கதவை மூடியது. எந்த எமர்ஜென்ஸி வந்தாலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. அந்தப் பழைய தீர்ப்பையும், 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தவறு என்று சொல்லி ஒதுக்கியது.

இப்போது கடைசி ஆள் எங்கே இருக்கிறான் என்று பார்ப்போம்.

இன்றைய கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம் முதனை என்று ஒரு கிராமம். 1993 மார்ச். ஒரு நகைத் திருட்டுக்காகச் சந்தேகத்தின் பேரில் ராஜாகண்ணு என்பவரைக் கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். குறவர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி. ஸ்டேஷனில் அவர் அடித்து நொறுக்கப்பட்டிருந்ததை அவர் மனைவி பார்வதி பார்த்தார். பிறகு போலீஸ் சொன்னது: 'தப்பிச்சு ஓடிட்டான்.' உண்மையில் அவர் ஸ்டேஷனிலேயே செத்துப்போயிருந்தார். உடல் பக்கத்து மாவட்ட எல்லையில், யாரோ அநாதைப் பிணம் என்ற கணக்கில் கிடந்தது.

பார்வதி என்ன செய்தார்? மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் துணை நிற்க, சென்னை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். வாதாடியவர், பிற்பாடு நீதிபதியான கே. சந்துரு. 1976-இல் நாட்டின் பெரிய பெரிய தலைவர்களுக்கே மறுக்கப்பட்ட அதே ஆயுதத்தை, 17 வருடம் கழித்து ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி கையில் எடுத்தார். அது வேலையும் செய்தது. ஆனால் போலீஸார் குற்றவாளிகள் என்று ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது 2006-இல். இடையில் 13 வருடங்கள்! 2021-இல் 'ஜெய் பீம்' படம் வந்தபோதுதான் நம்மில் பலருக்கு இந்தப் பெயர்களே தெரிந்தன.

இதில் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1871-இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான்: சில சமூகங்கள் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று. பிறந்ததே குற்றம்! பின்னால் சென்னை மாகாணத்துக்கும் வந்த அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சிக்கியவர்களில் குறவர்களும் உண்டு. 1952-க்குள் நாடு முழுவதும் அதை ரத்து செய்துவிட்டார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. ஸ்டேஷனில் இருப்பவரின் மண்டையிலிருந்து போனதா? எங்கே திருட்டுப் போனாலும் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகிறது என்று பாருங்கள், விடை கிடைக்கும்.

போலீஸ் சட்டமும் அப்படியே. 1918 நவம்பரில், புதுச்சேரியிலிருந்து வந்த பாரதியைப் பிடித்துக் கடலூர் சிறையில் அடைத்த போலீஸுக்கு அடிப்படை, 1859-இல் போட்ட சட்டம். சிப்பாய்க் கலகம் முடிந்த சூட்டோடு, ஜனங்களை அடக்கிவைக்கப் போட்டது. 1947-இல் கொடி மாறியது. சட்டம் அப்படியே தொடர்ந்தது. எமர்ஜென்ஸி முடிந்ததும் 1977-இல் தேசிய போலீஸ் கமிஷன் போட்டு, எட்டு அறிக்கைகள் வாங்கினார்கள். அரசியல்வாதி பிடியிலிருந்து போலீஸை விடுவி, புகாரை விசாரிக்கத் தனி அமைப்பு வை என்றெல்லாம் யோசனைகள். அலமாரியில் தூங்கின. 2006-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. இன்றைக்கும் மாநிலங்கள் அதை அரைகுறையாகத்தான் செய்திருக்கின்றன. ஏன்? தன் கைக்குக் கிடைத்த தடியைக் கீழே போட எந்தக் கட்சிக்கும் மனசு வருவதில்லை.

எந்தக் கட்சிக்கும் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழக வாசலில் ராஜேந்திரன் சிலை இருக்கிறது. 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர். அப்போது காங்கிரஸ் ஆட்சி. 1971-இல் அதே பல்கலைக்கழகத்தில் முதல்வருக்கு டாக்டர் பட்டம் கொடுத்ததை எதிர்த்துப் போராட்டம், தடியடி. உதயகுமார் என்ற மாணவரின் உடல் குளத்தில் கிடந்தது. அப்போது தி.மு.க. ஆட்சி. 1992-இல் அண்ணாமலை நகர் போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் செத்தார். அவர் மனைவியைப் போலீஸாரே பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். அப்போது அ.தி.மு.க. ஆட்சி. இந்த மூன்று சம்பவங்களும் 1975-இல் வந்த அந்த எமர்ஜென்ஸியில் நடந்தவை இல்லை. ஓட்டுப்போட்டு வந்த அரசுகள்தான்.

'அதெல்லாம் சரி சார், பசிச்சவனுக்கு முதல்ல சோறு, அப்புறம்தான் சுதந்திரம்' என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம் மாதிரி தெரியும். பொருளாதார மேதை அமர்த்தியா சென் இதைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் இருக்கிற நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்பது அவர் கண்டது. 1943-இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். 1959-61 காலத்தில் சீனாவில் கோடிக்கணக்கில் செத்தார்கள். 'இங்கே சோறு இல்லை' என்று கீழே இருந்து மேலே சொல்ல ஆளில்லை. சொன்னால் தலை போகும்.

கடலூர்க்காரர்களுக்கு இதைப் பாடமாக எடுக்க வேண்டியதில்லை. 2004 சுனாமியில் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களை இழந்தவர்கள். 2011 டிசம்பர் 30, தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போனதைப் பார்த்தவர்கள். 2015 வெள்ளம் வேறு. ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது? ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பஸ்ஸை மறித்தார்கள். டி.வி. கேமரா முன் மந்திரியைத் திட்டினார்கள். அதற்கப்புறம்தான் பல ஊர்களுக்கு அரிசி மூட்டையே போனது. மறியல் நமக்குத் தொந்தரவுதான். ஆனால் ரோட்டில் உட்கார பயமில்லாத ஊரில்தான் நிவாரண லாரி வருகிறது. சோறும் சுதந்திரமும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

வளர்ச்சி விஷயத்திலும் இதே கேள்வி. நெய்வேலியில் 1956-இல் நிலக்கரிக் கம்பெனி வந்தது. தமிழ்நாட்டுக்கே வெளிச்சம். சந்தேகமில்லை. ஆனால் நிலம் கொடுத்த கிராமங்களைக் கேட்டு எடுத்தோமா, சொல்லிவிட்டு எடுத்தோமா? 1894-இல் வெள்ளைக்காரன் போட்ட நிலம் கையகப்படுத்தும் சட்டம், 2013 வரை உயிரோடு இருந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. பல வருடங்களுக்கு முன்பே எடுத்த நிலம் என்றது நிர்வாகம். இருக்கலாம். கதிர் அறுக்கும் வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று ஊரே கேட்டது. கேட்க முடிந்தது என்பதாவது 1977-க்குப் பிந்திய நாட்டின் லாபம்.

இப்போது நம்முடைய பங்குக்கு வருவோம். இதுதான் கொஞ்சம் கசக்கும்.

பேப்பரில் அடிக்கடி ஒரு செய்தி வருகிறது. வழிப்பறி வழக்கில் பிடிபட்ட வாலிபர், 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' கை உடைந்து மாவுக்கட்டோடு நிற்கும் போட்டோ. நாம் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோம். 'அவனுக்கு நல்லா வேணும்' என்று நாலு பேருக்கு அனுப்புகிறோம். அந்த ஒரு பாத்ரூமில் மட்டும் ஏன் இத்தனை பேர் வழுக்கி விழுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. நமக்குப் பதில் தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறோம். என்கவுன்ட்டர் என்றால் சில ஊர்களில் பட்டாசே வெடிக்கிறார்கள்.

அவன் நிஜமாகவே வழிப்பறி செய்தவனாக இருக்கலாம். பறிகொடுத்த பெண்ணின் வலியும் நிஜம். ஆனால் கையை உடைக்கும் உரிமையை, 'கெட்டவன் விஷயத்தில் மட்டும்' என்று அளவு பார்த்துக் கொடுக்க முடியாது. யார் கெட்டவன் என்று முடிவு செய்வதும் அதே தடிதானே? 1993-இல் ராஜாகண்ணுவும் ஸ்டேஷன் கணக்கில் திருடன்தான். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும், 2025-இல் திருப்புவனத்தில் ஒரு கோயில் காவலாளியும் செத்தபோது கொதித்தோம். அந்தக் கொதிப்பு உண்மையானது. ஆனால் அந்த லத்திக்கு, அதற்கு முந்தின மாதம் வரை கைதட்டிக்கொண்டிருந்தவர்களும் நாம்தான்.

பிலிப்பைன்ஸில் 1986-இல் லட்சக்கணக்கான ஜனங்கள் தெருவில் இறங்கி, சர்வாதிகாரி மார்க்கோஸைத் துரத்தினார்கள். உலகமே கைதட்டியது. 2022-இல் அதே நாட்டு மக்கள், அவருடைய மகனை ஓட்டுப்போட்டு ஜனாதிபதியாக்கினார்கள். ஜனநாயகம் சோம்பேறியாகவும் ஊழலாகவும் இருந்தால், பழைய பயமே நல்ல காலம் மாதிரி நினைவில் இனிக்க ஆரம்பித்துவிடும். பட்டாவுக்கு ஆறு மாதம் அலைந்தவரின் ஆத்திரத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான். அவருக்குத் தேவை ஹிட்லர் இல்லை. 'ஏன் தாமதம்?' என்று கேட்டால், எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய ஒரு கிளார்க். இந்தியாவிலேயே முதலில், 1997-இல் தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுமைக்கும் 2005-இல் வந்தது. அந்த ஒரு மனு, எந்தச் சர்வாதிகாரியைவிடவும் அதிகாரியை நிமிர்ந்து உட்காரவைக்கும். பயத்தில் இல்லை, பதில் சொல்ல வேண்டிய பொறுப்பில்.

ஸ்டேஷனுக்கும் அப்படிக் கேள்விகள் இருக்கின்றன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எழுதிக் கொடுத்தது. கைது செய்தால் தேதி, நேரம் போட்டுக் குறிப்பு எழுத வேண்டும். சாட்சி கையெழுத்து வேண்டும். வீட்டுக்குச் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. நமக்குப் பிடிக்காத ஆளைப் பிடித்துக்கொண்டு போகும்போதும் இதையெல்லாம் செய்தார்களா என்று கேட்க நமக்கு மனசு வருமா? பிடித்தவருக்காகக் கேட்பது பாசம். பிடிக்காதவருக்காகவும் கேட்டால்தான் அது நியாயம்.

டெல்லியில் எமர்ஜென்ஸி 1977 மார்ச் 21-இல் முடிந்தது. கெஜட்டில் இருக்கிறது. கம்மாபுரத்தில் எப்போது முடிந்தது, உங்கள் ஊர் ஸ்டேஷனில் முடிந்துவிட்டதா என்பதெல்லாம் எந்தக் கெஜட்டிலும் இல்லை. அந்தத் தேதியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் தெருவிலேயே ரொம்ப ஏழையான மனுஷியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் தனியாக, யார் சிபாரிசும் இல்லாமல், ஸ்டேஷன் படியேறி 'என் புருஷன் எங்கே?' என்று கேட்டுவிட்டு அடி வாங்காமல் வீடு திரும்ப முடிகிறதா?

முடிகிற அன்றைக்குத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.